கட்டணம் ஏறும்போதெல்லாம் எனக்குக் கொண்டாட்டம்

விமானத்தில் டிக்கெட் விலை போக, எரிபொருளுக்கென்று தனியாக ஒரு கட்டணம் வாங்குகிறார்கள். எண்ணெய் விலையைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவார்கள். மாற்றுவது என்றால் பெரும்பாலும் ஏற்றுவதுதான். காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறவன் ஒரு முணுமுணுப்போடு கட்டிவிட்டுப் போய்விடுவான். விமான நிறுவனம் தருகிற 'மைல்' புள்ளிகளை வருடக்கணக்கில் சேர்த்து 'இலவச' டிக்கெட் எடுக்கிறவர்களுக்குத்தான் வயிறு எரியும். மைலையும் கொடுத்து, இந்தக் கட்டணத்தையும் முழுசாகக் கட்ட வேண்டும். அந்த அறிவிப்பு வரும் நாளில் ஜப்பானில் எங்கள் ஹமமட்சு ஊரில் உள்ளுக்குள் குதூகலிக்கிற ஆள் ஒருவன் உண்டு என்றால், அது நான்தான்.

நான் முரோய் ஷூஜி. ஐம்பத்தெட்டு வயது. ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பக்கத்து இருக்கையில் எனக்கென்று ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் காலை வைத்தபடியே முப்பது வருடத்தை ஓட்டிவிட்டேன். விமானத்தில் என் காலடியில் பிரேக் இல்லை. அதுதான் என் வியாதி, வேறொன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் ஓகினாவா தீவுக்கு விமானத்தில் போனோம். இறங்கும்போது என் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வந்திருக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவி சயோகோவிடம் சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு ரயில் போகாத ஊருக்கு நான் எந்தத் திட்டமும் போட்டதில்லை.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் மைல் சேர்ப்பதில் புலி. விமானத்தில் ஏறாமலே, கடன் அட்டையைத் தேய்த்துத் தேய்த்தே மைல் சேர்க்கிறவர்களை இங்கே 'தரை மைல்காரர்கள்' என்பார்கள். சயோகோ அதில் தலைவி. தெருப் பெண்கள் எட்டுப் பேர் கியோசாக் கொழுக்கட்டை தின்னக் கடைக்குப் போனால், பில் வருவதற்கு முன்பே இவள் எழுந்து நின்றுவிடுவாள்.

"யாரும் பர்ஸத் தொறக்கக் கூடாது! நான் அட்டைல கட்டிடறேன், உங்க பங்க என் கைல குடுங்க."

"சயோகோக்கா, எங்க வீட்டுக்காரருக்குப் பல்லு கட்டணும். அதையும் உங்க அட்டையிலயே கட்டிடறீங்களா?"

"எந்த டாக்டரு? அட்டை வாங்குவாரா? கேட்டுட்டுச் சொல்லு, நானே கூட வர்றேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நிஜமாகவே போய் வந்தாள். அந்த ஆளின் மேல்வரிசைப் பல் முழுக்க இவள் கணக்கில் மைலாக ஏறியது.

இத்தனையும் எதற்கு என்றால், மார்லிக்காக. சயோகோ மதியச் சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அங்கே பதினோரு வருடம் அவள் பக்கத்தில் நின்று மீன் துண்டு அடுக்கியவள் மார்லி, பிரேசில்காரி. எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் பிரேசில்காரர்கள் நிறைய. முகமூடிக்கு மேலே தெரிகிற கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே இருவரும் எதற்கோ குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்களாம். மார்லி இவளுக்குப் போர்த்துகீசியம் கற்றுக்கொடுத்தாள், அதிலும் முதலில் வசவுகள். ஆறு வருடத்துக்கு முன்பு மார்லி ஊருக்கே திரும்பி, லோண்ட்ரினாவில் வீடு கட்டிக்கொண்டாள். "உனக்குன்னு ஒரு ரூம் விட்டிருக்கேன், எப்ப வர்றே?" என்று ஞாயிறுதோறும் போனில் கேட்பாள். வருகிற ஆகஸ்ட் கடைசியில் அவளுக்கு அறுபது வயது நிறைகிறது.

இரண்டு பேர் பிரேசில் போய்வர ஒரு லட்சம் மைல் வேண்டும். இரண்டு பேர் என்றால் அவளும் நானும். அப்படித்தான் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரரும் நானும் போறோம்." கேட்கும்போதெல்லாம் மனசுக்குள் கணக்குப் போடுவேன். போக முப்பது மணி நேரம், வர முப்பது மணி நேரம்.

எரிபொருள் கட்டணம்தான் என்னைக் காப்பாற்றி வந்தது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் புதுத் தொகையைச் சயோகோ ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுவாள். நான் அதன்முன் நின்று, "பகல் கொள்ளையா இருக்கே! இலவசம்னு சொல்லிட்டு இவ்வளவு புடுங்குவானா? கொஞ்சம் குறையட்டும், அப்புறம் போலாம்" என்று கத்துவேன். அவளும், "ஆமாங்க, குறையட்டும்" என்பாள். நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு குளியலறைக்குப் போவேன். அங்கே வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து 'அப்பாடா' என்பேன்.

இந்த வருடம் அந்தப் பாச்சா பலிக்காது போலிருந்தது. அவள் கணக்கில் மைல் ஒரு லட்சத்தை நெருங்கிவிட்டது. அதில் பழைய மைல் பன்னிரண்டாயிரம் ஜூன் கடைசியில் காலாவதியாகிவிடும். போதாததற்கு, ஜூன் முதல் தேதியிலிருந்து எரிபொருள் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது என்று அறிவிப்பு வந்தது. எந்த நாள் பறக்கிறோம் என்பது கணக்கில்லை, எந்த நாள் டிக்கெட் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. மே முப்பத்தொன்றுக்குள் எடுத்தால் பழைய கட்டணம். அதைத் தவறவிட்டால் சயோகோவின் சம்பளத்தில் கட்டி மாளாது. மார்லியை அவள் இனிமேல் போனில் மட்டும்தான் பார்க்க முடியும்.

இதெல்லாம் தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மார்ச் மாதத்தில் எங்கள் காருக்குக் கட்டாயப் பரிசோதனை வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற செலவு, இந்த முறை ஒரு லட்சத்து இருபதாயிரம் யென். காலையில் சயோகோ தன் அட்டையை என் சட்டைப் பையில் வைத்து, "மறக்காம இதுல கட்டுங்க, ஆயிரத்து எறநூறு மைல்" என்று பையைத் தட்டி அனுப்பினாள். நான் வழியில் வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்தேன்.

பட்டறைக்கார ஹிபினோ நோட்டுக் கட்டைப் பார்த்துச் சிரித்தார். "என்ன வாத்தியாரே, ரொக்கமா? உங்க வீட்டம்மா பத்து யென் மிட்டாய்க்கே அட்டைய நீட்டுவாங்களே."

"அட்டை காந்தம் போயிடுச்சு."

"நம்ம மெஷினுக்குக் காந்தம் வேணாம். வச்சாப் போதும்."

"யோவ், பணத்த எண்ணுய்யா."

அவர் எண்ணினார். ஓட்டுநர் தேர்வில் சிவப்பு விளக்கைத் தாண்டிய மாணவன் மாதிரி எனக்கு முகமெல்லாம் வியர்த்தது. அட்டையில் கட்டிவிட்டதாகவே வீட்டில் சொன்னேன்.

மே முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குச் சயோகோ சமையலறை மேசையில் கண்ணாடியும் போனுமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இங்க வந்து உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு எடுத்தா ஆளுக்கு அம்பத்தெட்டாயிரம். நாளைக்கு எடுத்தா லட்சத்துப் பன்னெண்டாயிரம்."

"பகல் கொள்ளை!" என்றேன், வழக்கம்போல.

"ரெண்டு பேருக்கு மைலு பத்தல. ஆயிரத்து அம்பது குறையுது."

"அடடா" என்றேன். சோகமாகத்தான் சொல்ல நினைத்தேன், கொஞ்சம் துள்ளலாக வந்துவிட்டது.

அவள் போன் திரையில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடம் அடுத்த வீட்டுக்காரன் பல்லுக்குக்கூட அட்டையைத் தேய்த்தவள். அவளுக்கு நான் குழி பறித்துவிட்டு, எதிரே உட்கார்ந்து அடடா போடுகிறேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை. இதை மறைத்துவிட்டு மீதி வாழ்நாளை இவள் சமைத்ததைத் தின்று கழிக்க என்னால் ஆகாது என்று தோன்றியது.

"சயோ, வண்டிக்குக் காச நான் ரொக்கமாத்தான் கட்டினேன். வேணும்னே செஞ்சேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"எனக்கு விமானம்னா பயம். சும்மா பயமில்ல, செத்துடுவேன்னு பயம். ஓகினாவாவுலேருந்தே. உன்கிட்டச் சொல்ல வெக்கம். மைலு குறைஞ்சாப் போக வேணாமேன்னு..."

திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்த சத்தம்தான் கேட்டது.

"ரொக்கமாக் கட்டினது மார்ச் மாசமே தெரியும். ஆயிரத்து எறநூறு மைலு ஏறலைன்னா எனக்குத் தெரியாதா? ஹிபினோவுக்குப் போன் போட்டேன். அந்தாளு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு."

"அப்ப பயம்?"

"அது முப்பது வருசமாத் தெரியும். மீனாம், ஒத்துக்கலையாம்! அன்னிக்கு நீங்க சாப்பிட்டது நூடுல்ஸு."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

இப்போது தலையைக் குனிவது அவள் முறையாயிற்று. மேசை விளிம்பை விரலால் தேய்த்தபடி, "மருந்துக்கடை அட்டையில எனக்கு நாலாயிரம் புள்ளி கெடக்கு" என்றாள். "ஏப்ரல்லயே மைலா மாத்தியிருந்தா ஒரு லட்சம் தாண்டியிருக்கும். மாத்தல."

"ஏன்?"

"கோச்சுக்கக் கூடாது."

"நான் எந்த மூஞ்ச வச்சுக்கிட்டுக் கோச்சுக்கறது?"

"நீங்க வந்தா முப்பது மணி நேரம் உங்க கையப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும். அங்க போனாலும் சோபாவுல உக்காந்து எங்க ரெண்டு பேரு வாயையே பாத்துட்டிருப்பீங்க. ஒவ்வொண்ணா உங்களுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லணும். சொல்றதுக்குள்ள சிரிப்பு போயிடும். எனக்கு மார்லிகூடத் தனியாச் சிரிக்கணும்ங்க. தொழிற்சாலையில சிரிச்ச மாதிரி." மேசை விளிம்பிலிருந்து விரலை எடுத்தாள். "ஆனா பொண்டாட்டி மட்டும் தனியாப் போறேன்னு எப்படிச் சொல்றது? நீங்க என்னவோ ஆசையா இருக்கற மாதிரி, கட்டணம் ஏறினதுக்குக் கத்தறீங்க, மேசையக் குத்தறீங்க. குறையட்டும், அப்புறம் போலாம்னு நீங்க சொல்றப்பல்லாம் எனக்கு அப்பாடான்னு இருக்கும்."

"உனக்குமா?"

"எனக்கும்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனை முறை ஏறியது அந்தக் கட்டணம்! ஒவ்வொரு முறையும் ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒளிந்து ஒளிந்து சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

சயோகோ போனை என் பக்கம் திருப்பினாள். "இத பாருங்க. ஒரே ஆளு, பிசினஸ் கிளாஸு, தொண்ணூத்தாறாயிரம் மைலு. இருக்கறது போதும். கட்டணமும் ஒருத்திக்குத்தான். படுத்துத் தூங்கிக்கிட்டே போலாமாம்."

"எடு" என்றேன்.

"நெஜமாவா?"

"எடு சயோ, எடு. நேரத்தக் கடத்தாதே."

அவள் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு பெயர், பாஸ்போர்ட் எண், தேதி என்று ஒவ்வொன்றாக அடித்தாள். ஒரு எழுத்து தப்பாகி அழித்தாள். கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு கையைத் துடைத்துக்கொண்டாள். முடிந்தது. டிக்கெட் வந்துவிட்டது, பழைய கட்டணத்தில். வயிற்றில் பாலை வார்த்தது என்பார்களே, அன்றைக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். அவள் போகிறாள். நான் போகவில்லை. இரண்டும் ஒரே நாளில் நடந்ததை என்னால் நம்பவே முடியவில்லை.

"அடுத்த தடவ நானும் வர்றேன்" என்றேன், ஒரு மரியாதைக்கு.

"வேணாம், வேணாம்" என்றாள். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டாள்.

உடனே போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு, மார்லி விழித்துத்தான் இருப்பாள். நான் டீ போடும் சாக்கில் சமையலறையிலேயே நின்றேன். போர்த்துகீசியம் மளமளவென்று ஓடியது. ஒன்றும் புரியவில்லை. நடுவில் 'ஷூஜி' என்று என் பெயர் ஒருமுறை வந்தது. அடுத்தாற்போல் இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள் பாருங்கள், கால்பந்தில் கோல் விழுந்தால் பிரேசில்காரர்கள் கத்துவார்களே, அந்தக் கத்தல். பிறகு சிரிப்பு. சயோகோ அப்படிச் சிரித்து இந்த வீட்டில் நான் கேட்டதில்லை.

நான் வரவில்லை என்ற செய்திக்குத்தான் அத்தனையும் என்று புரியப் போர்த்துகீசியம் தெரிய வேண்டியதில்லை. சுருக்கென்றுதான் இருந்தது. முப்பது வருடத்தில் நான் அவளுக்குச் செய்த பெரிய உபகாரம், கூடப் போகாமல் இருப்பது. ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஒரு கோப்பை டீயை அவளுக்கென்று தட்டில் எடுத்து வைத்தேன். அந்தச் சிரிப்பு தானாக அடங்கும்வரை அதை உள்ளே கொண்டுபோகவில்லை.