வறட்சிக்கு எத்தனை மார்க்?

"பரீட்சைக் கைடை மூடுங்க!" என்று நான் வகுப்பில் கத்தியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கோவில்பட்டியில் ஒரு கல்லூரி. எம்.ஏ. பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் அரசியல் எடுக்கிற கௌரவ விரிவுரையாளர் நான். வருஷா வருஷம் வேலையைப் புதுப்பித்தால்தான் சோறு. "வறட்சி இயற்கையா, அரசியலா?" என்று கேட்டால், "எத்தனை மார்க் கேள்வி, மேடம்?" என்பார்கள். எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

என் கத்தல் காதில் விழுந்த துறைத்தலைவர் நந்தகோபால் சார் பட்டென்று சொல்லிவிட்டார்: "ராதாமணி, பரீட்சையில கேக்கது பதிலைத்தான். நாளைக்கு உங்க வகுப்புல வந்து உக்காருதேன். பதில் வரலன்னா அடுத்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

சொன்னபடியே வந்தார். எடுத்த எடுப்பில், "வறட்சின்னா என்ன?" என்றார்.

இந்துஜா எழுந்தாள். பசுவந்தனைக்காரி, மனப்பாடப் புலி. அப்பாடா என்று மூச்சு விட்டேன். "சராசரியைவிட மழை வெகுவாகக் குறைவதே வறட்சி" என்று மடமடவென்று ஆரம்பித்தவள், பாதியில் நின்றுவிட்டாள். போச்சு, என் பிழைப்பில் மண் என்று நினைத்தேன்.

"சார், போன வருஷம் எங்கூர்ல சராசரி மழை பெஞ்சிட்டு. ஆனா புழுதியில விதைச்ச உளுந்து முதல் தூத்தலுக்கு முளைச்சு, அடுத்த மழை வராம கருகிட்டு. பெருமழை பிந்தித்தான் வந்துச்சு. அரசாங்கக் கணக்குல வறட்சி இல்ல, நிவாரணமும் இல்ல. அப்போ நான் சொன்ன பதில் சரியா?"

"ஏட்டி, நிறுத்து," என்று நாகலாபுரத்து இசக்கிபாண்டி எழுந்தான். ஆடு மேய்த்து, வயல்களில் கிடை போடுகிற குடும்பம். "கருகின உளுந்தை மேஞ்சுதான் எங்க ஆடு பிழைச்சுது. பிந்தி வந்த மழையில புல்லும் செழிச்சுது. எங்களுக்கு அது நல்ல வருஷம்லா!"

இந்துஜா கோபப்படவில்லை, யோசித்தாள்.

"அப்போ எங்க கணக்கும் முழுசில்ல... யாரோட நட்டத்தை எண்ணுதாங்களோ, அதுக்குத்தான் வறட்சின்னு பேரா?"

ஆத்தாடி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எந்தக் கைடிலும் இல்லாத ஒன்று, என் கண்ணெதிரே, ஒரு பிள்ளையின் வாயில் பிறந்துகொண்டிருந்தது. வேலையாவது ஒன்றாவது! இதைப் பார்க்கக் கொடுத்து வைத்தேனே, அது போதும்.

மணி அடித்தது. யாரும் எழவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து நந்தகோபால் சார் கையைத் தூக்கினார். "நான் ஒண்ணு சொல்லலாமா?"

அவர் சொன்னதையும் பிள்ளைகள் விடவில்லை. "யாரு சொன்னது, சார்?", "அதுக்கு என்ன ஆதாரம்?" என்று மடக்கினார்கள்.

வெளியே வந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"இதுகளை இனி யாரு சமாளிக்கது? அடுத்த வருஷம் நீங்க வராம இருந்து பாருங்க, நடக்கதே வேற!"