தையலுக்கு விட்ட அரை இன்ச்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் அரை இன்ச் டெய்லர். யார் எதைத் தைக்கக் கொடுத்தாலும் உள்ளே அரை இன்ச் துணியை மடித்து விட்டுத்தான் தைப்பார். "நாளைக்கே நீங்க ஒரு சுத்து பெருத்தா என்ன செய்வீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டும் விடுவார். கேட்கப்பட்டவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். ஆறே மாதத்தில் அதே துணியோடு திரும்பி வருவார்கள். அதில் அவருக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

அப்படிப்பட்ட மனுஷர் குளியலறைக்கு அலமாரி செய்யக் கிளம்பினார் என்றால் அது ஆசைப்பட்டு இல்லை. அக்காவுக்காகச் செய்தார்.

அக்கா என்றால் வெறும் அக்கா இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த வருடம் போய்ச் சேர்ந்தபோது இவருக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி என்று நினைக்காமல் தம்பியை ஆளாக்கிவிட்டார். கடையில் இன்றைக்கும் ஓடுகிற தையல் மெஷின் அக்கா வாங்கிக் கொடுத்தது. "நான் போட்டிருக்கிற சட்டையைத்தான் நான் தைச்சேன். சட்டைக்குள்ள இருக்கிற ஆளை அக்கா தைச்சது" என்பார். சொன்னால் கண் கலங்கிவிடும் என்பதால் அடிக்கடி சொல்வதில்லை.

அந்த அக்கா தன் வீட்டில் தனியாக வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது, கூடவே இடது மணிக்கட்டும். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரமாக ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க வந்துவிட்டது. டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. இரண்டு பேர் வந்து தூக்கிவிட வேண்டும். மணியை அடித்துவிட்டு அவர்களுக்காகக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், ஊரையே அதட்டி வாழ்ந்த அந்த மனுஷி தினமும் கொஞ்சம் செத்துப் பிழைத்தார்.

"எங்க வீட்டுக்கு வந்துடுக்கா" என்று தம்பி கேட்டபோது ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"சனிக்கிழமை வந்து பார்க்கிறேன். உங்க பாத்ரூம்ல யார் கையும் படாம நான் போயிட்டு வர முடிஞ்சா இருப்பேன். முடியலன்னா இங்கேயே நிரந்தரமா ஒரு கட்டில் தர்றாங்களாம், திங்கக்கிழமை சரின்னு சொல்லிடுவேன். உன் பொண்டாட்டியை அந்த வேலை செய்ய வைக்கமாட்டேன்டா."

அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். டெய்லர் குளியலறையை உடைத்தே போட்டார். தடுக்கிவிடும் வாசற்படியை எடுத்தார், வழுக்காத டைல்ஸ் போட்டார், டாய்லெட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பிடித்து எழுந்திருக்க ஸ்டீல் கம்பி வைத்தார். பாக்கி இருந்தது வாஷ்பேசினும் அதைத் தாங்கும் அலமாரியும்தான். தச்சர் மூன்று முறை "அடுத்த வாரம்" என்று நாள் கடத்திவிட்டு, நாலாவது முறை கொஞ்சமும் வாய் கூசாமல் "ஏழு வாரம் ஆகும் சார்" என்றார்.

"அப்ப நானே செய்யறேன்" என்றார் டெய்லர்.

"ஊசி பிடிச்ச கையில ரம்பமா? விரல் பத்தும் வேணுங்க நமக்கு" என்றாள் மனைவி. கேலி செய்தாளே தவிர, பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டதும் அவள்தான்.

குளியலறையில் குழாயும் டைல்ஸும் போட்ட ப்ளம்பரிடம் ரம்பமும் துளைபோடும் மெஷினும் இரவல் வாங்கினார். கூடத்தில் பழைய போர்வையை விரித்து ப்ளைவுட்டைக் கிடத்தினார். கழுத்தில் டேப், காதில் பென்சில், கையில் துணிக்குக் கோடு போடும் சாக்கட்டி. அக்காவின் அளவுகள் அவருக்கு மனப்பாடம். ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கை எங்கே வரும் என்று கணக்குப் போட்டு அலமாரியின் உயரத்தை வைத்தார். நடுவில் முழங்கால் நுழைய இடம், இரண்டு பக்கமும் இழுப்பறைகள். ஓட்டுத் தையல் போட்டுப் பார்ப்பதுபோல முதலில் சின்ன ஆணிகளால் கோத்து, தள்ளி நின்று பார்த்து, பிறகு பசை தடவி ஸ்க்ரூ முடுக்கினார். ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை ப்ளம்பர் வந்தார். இருவருமாகத் தூக்கிப்போய், சுவருக்கும் ஷவர் தடுப்புக்கும் நடுவில் இருந்த இடத்தில் அலமாரியைத் தள்ளினார்கள். போகவில்லை. சாய்த்துத் தள்ளினார்கள். போகவில்லை. டேப்பை எடுத்தார்கள். இடம் முப்பத்தாறு இன்ச், அலமாரி முப்பத்தேழு.

"அளந்துதானேண்ணே வெட்டினீங்க?"

"ஒண்ணுக்கு மூணு தடவை அளந்தேன்பா."

ப்ளம்பர் கூடத்துக்குப் போய் மீதிப் பலகைத் துண்டு ஒன்றை எடுத்து வந்தார். அதில் சாக்கட்டிக் கோடுகள் அழியாமல் இருந்தன. "இதென்ன ரெண்டு கோடு?"

"உள்கோடு அளவு. வெளிக்கோடு ரெண்டு பக்கமும் அரை இன்ச், தையலுக்கு..." என்று ஆரம்பித்த டெய்லர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"பலகைக்கு எதுக்குண்ணே தையலுக்கு விட்டீங்க? சனிக்கிழமைக்குள்ள பெருத்துடுமா அது?"

வாசலில் நின்றிருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்ததே பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, மூடியிருந்த டாய்லெட் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். நாற்பது வருடமாகத் துணியில் செய்த வேலையைக் கை தானாகவே பலகையிலும் செய்துவிட்டிருந்தது. டெய்லருக்குச் சிரிப்பு வரவில்லை. பசை இறுகிவிட்டது. பிரித்தால் பலகை பிளந்துவிடும். நடுவில் ஒரே ஒரு நாள். அக்காவைத் திங்கட்கிழமை அந்தக் கட்டிலுக்குக் கொடுக்கப் போகிறோம் என்று நினைத்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சிரித்து ஓய்ந்த மனைவி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. இடம் கொள்ளாத அலமாரி அவளுடைய வலது கைப் பக்கம் குறுக்கே நின்றிருந்தது. அதன்மேல் கையை ஊன்றி எழுந்தாள். எழுந்தவள் என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்தாள். ஊன்றினாள், எழுந்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"என்னங்க, கம்பியை எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க?"

"இடது பக்கம். அங்கதானே சுவர் இருக்கு."

"அண்ணிக்கு இடது கையில ஏதுங்க பலம்?"

முழங்கை உயரம்வரை கணக்குப் பார்த்த டெய்லர் இதைக் கோட்டை விட்டிருந்தார். அலமாரி மட்டும் அந்த இடுக்கில் பொருந்தியிருந்தால், அக்கா சனிக்கிழமை வந்து, உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் கூப்பிட்டிருப்பார். அதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

"அலமாரி இங்கேயே இருக்கட்டும்" என்றாள் மனைவி.

இருவரும் ப்ளம்பரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முழித்த முழி சொல்லி மாளாது. "அப்ப தண்ணிக்குழாய், கழிவுக்குழாய் ரெண்டும் இந்தப் பக்கம் வரணுமே! போன வாரம் ஒட்டின டைல்ஸை உடைக்கச் சொல்றீங்களா? நாளைக்கு எனக்கு லீவு நாள், தெரியுமில்ல?"

ப்ளம்பர் அலமாரியின் மேல் கையை ஊன்றி ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "சுவரோட சேர்த்து நாலு போல்ட் போடணும். ஆடக்கூடாது" என்று முணுமுணுத்தபடி உளியை எடுத்தார்.

மறுநாள் லீவு நாளிலும் வந்தார். திட்டிக்கொண்டே குழாயை இழுத்தார், திட்டிக்கொண்டே டைல்ஸ் ஒட்டினார். கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு, தானே டாய்லெட் மேல் உட்கார்ந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையை ஊன்றி எழுந்து காட்டினார். டெய்லர் கையெடுத்துக் கும்பிடப் போனார்.

"கும்பிடெல்லாம் வேணாம்ணே. அந்த ஸ்பேனரை எடுங்க" என்றார் ப்ளம்பர்.

சனிக்கிழமை அக்கா வந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை. கைப்பையை வாக்கரில் மாட்டிக்கொண்டு நேரே குளியலறைக்குப் போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே இரண்டு பேரும் நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. உள்ளே ஏதோ முனகல்போலக் கேட்டது. டெய்லர் கதவில் காதை வைத்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா..."

"கதவுகிட்ட என்னடா பண்றே? போடா அந்தப் பக்கம்!"

அறுபதை நெருங்கும் மனுஷர், திட்டு வாங்கியதில் அப்படி ஒரு சந்தோஷத்தோடு கூடத்துக்கு ஓடினார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு குழாய் திறந்து மூடிற்று. அதற்குப் பிறகும் அக்கா உடனே வரவில்லை.

வந்தபோது முகம் கழுவிப் பளிச்சென்று இருந்தார். தானாக நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தார். இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. கேட்க இவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

"மேல் இழுப்பறை இறுக்கமா இருக்குடா. என்ன வேலை செஞ்சிருக்கே? போய்ப் பாரு."

அதிலும் தையலுக்கு விட்டுத் தொலைத்தோமோ என்று டெய்லர் பதறிப்போய் உள்ளே நுழைந்தார். இழுப்பறை இறுக்கமாகவே இல்லை. தொட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு சீப்பு, பல் துலக்கும் பிரஷ், வலிக்குத் தடவும் களிம்பு, மூக்குக் கண்ணாடிக் கூடு, நாலு கொண்டை ஊசி, எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தன.

அலமாரியைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வயதில் அழுததற்குப் பிறகு அவர் அப்படி அழுததில்லை.

"பார்த்தியாடா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"பார்த்துட்டேன்க்கா."

"சரியா இருக்கா?"

"சரியா இருக்குக்கா" என்றார் அவர், இழுப்பறையை மெல்ல உள்ளே தள்ளியபடி.