கஃபார் பாயின் பத்து எழுத்து

இரும்புலியூர் அப்துல் கஃபாரின் குடும்ப ரகசியம் ஐந்நூறு ரூபாய்க்குப் போனது. அதுவும் கைக்கு வந்த ஐந்நூறு இல்லை. பிரிண்டர் மாட்ட வருகிற ஆளுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்தது.

ரகசியம் ஒன்றும் புதையல் இல்லை. THUMBAIPOL, தும்பை போல். பத்து எழுத்து, எதுவும் இரண்டு தடவை வராது. T ஒன்று, H இரண்டு, இப்படியே போய்க் கடைசி L சைபர். ஸ்கூல் பை விற்கிற அவருடைய கடையில் தொங்கும் ஒவ்வொரு சீட்டிலும் அடக்க விலை இந்த எழுத்துகளில்தான் இருக்கும். வாங்க வருகிறவர் மாடல் நம்பர் என்று நினைத்துக்கொள்வார். பாட்டனார் கட்டிய சொல். அப்பா அதைக் கட்டின மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. வைஃபை போட்ட அன்று பாஸ்வேர்டுக்கு மறக்காத சொல்லாக ஒன்று கேட்டார்கள். கஃபாருக்கு மறக்காத சொல் வேறு ஏது? அதையே தட்டிவிட்டார். பிரிண்டர் மாட்டுகிறவனும் அதைத்தான் கேட்பான் என்றதும், அவனும் வேண்டாம், அவன் கூலியும் வேண்டாம் என்றாகிவிட்டது.

அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் ஞானம்மாள், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், செம்பாக்கத்தில் ட்யூஷன் சென்டர் நடத்துகிறவர். பிள்ளைகளுக்கு அறுபது பை. ஒன்றரை மணி நேரப் பேரத்தில் ஒரு பை ஐந்நூற்றுத் தொண்ணூறு என்று படிந்தது.

"அடக்கமே ஐந்நூத்தி எழுபது டீச்சர். உங்க மூஞ்சிக்காக இருபது ரூபா லாபத்துல விடறேன்."

"என் மூஞ்சிக்கு இருபது ரூபாதானா பாய்?"

கையால் எழுதிய பில் சென்டரின் டிரஸ்ட் கணக்கில் செல்லாது. அச்சடித்துத்தான் வேண்டும் என்றார் டீச்சர். முந்தின நாள் வந்த பிரிண்டர் மேசையில் இருந்தது. பில் போடும் ரோஸி எழுந்தாள்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க பாய், ரெண்டு நிமிஷத்துல கனெக்ட் பண்ணிடறேன்."

"நீ அந்தப் பக்கம் திரும்பு."

"இன்னாது?"

"திரும்பும்மா."

"என் ஏடிஎம் நம்பரே உங்களுக்குத் தெரியும். உங்க வைஃபை எனக்குத் தெரியக் கூடாதா?" என்று முனகிக்கொண்டே சுவரைப் பார்த்து நின்றாள்.

பிரிண்டரின் திரை தீப்பெட்டி அளவு. பாயின் கட்டைவிரலும் ஏறக்குறைய அதே அளவு. T-ஐத் தொட்டால் R விழுந்தது. விழுந்தது எது என்றும் தெரியாது, எல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. மூன்று தடவை தட்டினார், மூன்று தடவையும் தப்பு என்றது.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "பல்லாவரத்துலயும் பைக் கடை கீது பாய்."

ரோஸியின் பேச்சு டீச்சருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாய் சிரிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாலாவது தடவை தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தியா ரோஸி? இதுக்கு ஐந்நூறு கேக்குறான்!"

அந்தச் சந்தோஷத்தில் மெஷினும் பங்கெடுத்துக்கொண்டது. யாரும் கேட்காமலே உறுமி, தான் சேர்ந்த வைஃபையின் விவரமெல்லாம் போட்டு ஒரு தாளைத் துப்பியது. பில் நேராக வாடிக்கையாளர் கையில் விழட்டும் என்று பிரிண்டரின் வாயை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தவர் கஃபார்தான். தாள் டீச்சர் மடியில் போய் விழுந்தது. பெயர், அதற்குக் கீழே பாஸ்வேர்டு. இந்தத் தடவை புள்ளி இல்லை.

டீச்சர் அதைப் பரீட்சைத் தாள் போலப் படித்தார்.

"எழுத்து எதுவும் திரும்ப வரலியே பாய்."

"வைஃபைக்கு அப்படித்தான் வைக்கணுமாம் டீச்சர்."

"எங்கப்பாவும் பம்மல்ல ஜவுளிக்கடை வெச்சிருந்தார். எங்களுது வேற சொல்லு." பேரம் பேசிய பையின் சீட்டை இழுத்தார். UPL. விரல் தாளின் மேல் நகர்ந்து நகர்ந்து நின்றது. "மூணு. எட்டு. சைபர்."

"இன்னா டீச்சர், மாடல் நம்பரா?" என்றாள் ரோஸி.

"ஆமாம்மா. நல்ல மாடல்." டீச்சர் பாயைப் பார்த்தார். "நானூறு போடுங்க. இருபது ரூபா லாபம், நீங்க கேட்டதுதானே? அறுபதோட ஒண்ணு சும்மா குடுங்க. நான் வாய் திறக்காததுக்கு."

பில் முதல் தடவையிலேயே அழகாக வந்தது.

டீச்சர் போன பிறகு, அந்தத் தாளின் பின்பக்கம் கஃபார் எழுதினார்:

பிரிண்டர் மாட்டும் கூலி மிச்சம்: 500.
விலையில் விட்டது, அறுபதுக்கு: 11,400.
சும்மா போன பை: 380.
நிகர நஷ்டம்: 11,280.
மாற்ற வேண்டிய சீட்டு: கடை முழுக்க.
புதுச் சொல், பத்து எழுத்து: பாக்கி.