பக்கப் பையில் அடங்கிய புத்தகங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்ட்காரர் பாதி முகம் சவரம் செய்து முடித்திருந்தபோது மனைவியிடமிருந்து போன் வந்தது. நுரை ஒட்டாமல் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போனவள், பேரன் தவழ ஆரம்பித்த பிறகும் மகள் வீட்டிலேயே இருக்கிறாள். இப்போது மகள், இனி இங்கேயே இருந்துவிடு என்கிறாளாம். தரைத்தள வீடு, வாசலில் சின்னத் தோட்டம், முட்டிவலிக்கு அடுத்த தெருவிலேயே டாக்டர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்மா" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டின் எந்தப் பெரிய கேள்விக்கும் அவருடைய பதில் அதுதான். அதைப் பெருந்தன்மை என்று அவர் நினைத்திருந்தார். சொல்லி முடித்ததும் ரேசரைக் கீழே வைத்தார்.

பிறகு அவள், மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் வேலையாக அங்கே வருகிறார், திரும்பும்போது அவரிடம் ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள் என்றாள். என்ன புத்தகம் என்று கேட்டார்.

"அதை நான் என்னிக்குச் சொல்லியிருக்கேன்? நீங்களா பார்த்துப் பார்த்துதானே கொண்டுவருவீங்க. வாயால சொல்ல வராததை எல்லாம் புத்தகத்துலதானே சொன்னீங்க. ரெண்டாவது குழந்தை தங்காமப் போனப்போ, வந்தவங்க எல்லாம் கடவுள் சித்தம்னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்க ஒண்ணுமே பேசல. கடவுளோட சண்டை போடுற ஒருத்தியோட கதையைக் கொண்டுவந்து கட்டில் ஓரத்துல வெச்சீங்க. அதைப் படிச்சுட்டுத்தான் நான் எழுந்து உட்கார்ந்தேன். இப்பவும் அப்படி ஒண்ணு அனுப்புங்க. அதைப் பார்த்து நான் முடிவு பண்ணிக்கிறேன்."

"ம்" என்று சொல்லிப் போனை வைத்தார். முகத்தில் நுரை காய்ந்து இழுத்தது.

உண்மை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அக்கம்பக்கத்தார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே மனைவி கீழே இறங்குவதைக் குறைத்துக்கொண்டாள், பிறகு முட்டியும் மோசமானது. நூலகம் அவர் வேலைக்குப் போகும் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஏதாவது எடுத்து வாருங்கள் என்றாள், எடுத்து வந்தார். கருவிப் பைக்குள் கிரீஸ் டப்பாவும் ஸ்பேனர்களும் கிடக்கும், உள்ளே வைத்தால் புத்தகம் நாசமாகிவிடும். டெஸ்டர் செருகும் பக்கப் பை மட்டும்தான் சுத்தம். அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றாக அதில் நுழைத்துப் பார்ப்பார். எது அடங்குகிறதோ அது அன்றைய புத்தகம். நூலகத்து அம்மா ஒருமுறை, செருப்புக் கடைக்கு வந்த மாதிரி அளவு பார்க்கிறீங்களே சார் என்று கேட்டார். லிஃப்ட்காரர் தலைப்பைக்கூடப் படித்ததில்லை.

மறுநாள் அந்தக் கடவுள் சண்டைக்காரியைத் தேடிப் போனார். நூலகத்து அம்மா சட்டென்று எடுத்துக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, மொட்டைமாடியின் லிஃப்ட் மோட்டார் அறையில் சுவரில் சாய்ந்தபடி படித்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் தினமும் கோயில் வாசல் வரை போய், உள்ளே போகாமல், நின்ற இடத்திலிருந்தே திட்டிவிட்டு வருகிறாள். கடைசிவரை அவள் சமாதானம் ஆகவே இல்லை. திட்டுவதற்காவது அவள் தினமும் போகிறாளே என்று தோன்றியபோது புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த மனைவியின் முதுகு ஞாபகம் வந்தது. அந்த முதுகைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் அவர் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

அதன்பிறகு மனைவியோடு பேசும்போதெல்லாம், அப்புறம் எதெல்லாம் உனக்குப் பிடிச்சுது என்று கேட்டுக்கொண்டார். அவளுக்கும் சொல்லச் சொல்ல உற்சாகம். ஒரே வீட்டுக்குள் பேச்சு நின்றுபோன இரண்டு பேரின் கதை ஒன்று. தங்களுக்குள்ளும் பேச்சு அறுந்திருந்த நாளில் அதை எடுத்து வந்தாராம். படித்து முடித்த காலையில்தான் அவள் தானாக வந்து டீ டம்ளரை அவர் கையில் கொடுத்தாளாம். அவளுக்குக் கோபம் தானாக ஆறிவிட்டது என்றல்லவா அவர் நினைத்திருந்தார். மகள் விடுதிக்குப் போன புதிதில், ரயில் பாதையோரம் வளர்ந்த ஒருவர் எழுதிய சிறுவயது நினைவுகள். இன்னொன்று, கடல் கொண்டுபோன ஒரு துறைமுகத்தின் வரலாறு. அதற்கு என்ன காரணம் என்று அவளுக்கே பிடிபடவில்லையாம். சும்மா எனக்கு ஊர் சுத்திக் காட்டியிருப்பீங்க என்று சிரித்தாள்.

எல்லாவற்றையும் படித்தார். அவள் கண் போன வரிகளில்தான் தன் கண்ணும் போகிறது என்ற நினைப்பே அவருக்குப் போதையாக இருந்தது. ஒரு கூரைக்குக் கீழே இருந்த காலத்தில் கிடைக்காத நெருக்கம், அவள் இல்லாத வீட்டில் கிடைத்தது. வெட்கமாகவும் இருந்தது. யார் யாரோ எழுதியதற்கெல்லாம் தன் பேரில் அன்பை வாங்கிக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தார். உண்மையைச் சொன்னால் அவளிடம் இத்தனை வருஷமாகப் பேசிய அந்த மனிதர் இல்லாமல் போய்விடுவார். அவள் யாரிடம் திரும்பி வருவாள்?

நண்பர் ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புத்தகக் கடைக்குப் போனார். பையை வீட்டிலேயே வைத்துவிட்டார். ஒவ்வொரு புத்தகமாகப் பிரித்து, நடுவில் ஒரு பக்கம், முடிவில் ஒரு பக்கம் படித்தார். பிரிவைப் பற்றி அழகாக எழுதியிருந்தார்கள். தூரத்தில் இருந்தாலும் மனசு சேர்ந்திருக்கும் என்றது ஒன்று. விட்டுக்கொடுப்பதுதான் அன்பு என்றது இன்னொன்று. அதைச் சட்டென்று மூடி வைத்தார், அதை அனுப்பினால் அவள் அங்கேயே தங்கிவிடுவாள். கடைக்காரர் இரண்டு தரம் வந்து என்ன தேடுகிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். கடைசியில் வெறுங்கையோடு வெளியே வந்து, கடைப் படிக்கட்டிலேயே நின்று போன் செய்தார்.

வார நாளில் அவர் கூப்பிட்டதே இல்லை. என்னங்க, உடம்புக்கு என்ன என்று அவள் பதறினாள். பின்னால் பேரன் எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தான். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. புத்தகம் வாங்கல" என்றார். "இத்தனை வருஷமா நான் எதையும் பார்த்து எடுக்கலம்மா. என் பையில எது நுழைஞ்சுதோ அதை எடுத்துட்டு வந்தேன். அவ்வளவுதான். நீதான் அதுல எல்லாம் என்னை வெச்சுப் படிச்சிருக்கே."

நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்று பயந்து அவர் தொடர்ந்தார்.

"இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன். நான் சொல்ல வேண்டியது எதுலயும் இல்ல. நீ வந்துடு. எனக்கு முடியல."

"யாரும்மா போன்ல?" என்று மகள் கேட்பது கேட்டது. முட்டியை இழுத்து இழுத்து அவள் நடக்கும் அந்த நடை, செருப்பு தரையில் உரசும் சத்தமாகக் காதில் விழுந்தது. கதவு ஒன்று சாத்திக்கொண்டது. பேரனின் தட்டலும் தொலைக்காட்சியும் அந்தப் பக்கம் நின்றுவிட்டன. அவளுடைய மூச்சு மட்டும் வந்தது. தெருச் சத்தம் உள்ளே போய்விடாதபடி, லிஃப்ட்காரர் போனை இரண்டு கையாலும் பொத்திக் காதோடு அழுத்திக்கொண்டார்.