ஒரு குச்சிக்கான வழக்கு

என் கணவருக்கு ஒரு குச்சி வேண்டும். விலை, என் ஒரு மாதச் சம்பளம்.

அவர் அதைக் குச்சி என்று சொல்லவில்லை. 'கியூ' என்றார். ஸ்நூக்கர் மேஜையில் பந்தைத் தட்டுகிற கோல் அது. ஆளின் உயரம், கையின் நீளம் எல்லாம் அளவெடுத்துச் செய்து தருவார்களாம். சட்டைக்கு அளவெடுப்பார்கள், செருப்புக்கு அளவெடுப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். குச்சிக்கு அளவெடுப்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"துணி காயப்போட நானும் ஒரு குச்சி வெச்சிருக்கேன். அதையும் அளவு பாத்துதான் வாங்கினேன், கொடிக்கு எட்டணும்ல" என்றேன்.

அவர் சிரித்தார். அவரோடு இதுதான் தொல்லை. சண்டைக்கு இழுத்தால் வரமாட்டார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுப்பவர் அவர். காலையிலிருந்து "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ம், இப்ப விடலாம்" என்பதுதான் வேலை. வீட்டிலும் நான் கத்தினால் அதே முகத்தோடு, நான் மூச்சு விடும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்த சுருக்கில் இறங்கவும் இறங்கும்.

என் வேலை வேறு மாதிரி. வீட்டு உபயோகப் பொருள் விற்கும் பெரிய கடையில், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்டர். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, காபி மெஷின் என்று ஆசை ஆசையாக வாங்கிப் போனவர்கள் பத்தே நாளில் அதே பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார்கள். வாங்கும்போது பல்லெல்லாம் தெரியச் சிரித்த முகங்கள் என்னிடம் வரும்போது தொங்கிப் போயிருக்கும். பதினாறு வருஷமாக இதையே பார்ப்பதால், யார் எதை வாங்க ஆசைப்பட்டாலும் எனக்கு முதலில் தோன்றுவது, 'இது எப்போது திரும்பி வரும்?' என்பதுதான்.

போதாக்குறைக்கு, அவருக்கு வந்த போனஸை நான் மனசுக்குள் ஏற்கெனவே செலவழித்திருந்தேன். சமையலறை அலமாரிக் கதவு ஒன்று கீல் கழன்று, ரப்பர் பேண்டின் தயவில் நின்றுகொண்டிருந்தது. புதுக் கதவுகள் போடுவதாக இருந்தேன். நிறம்கூட முடிவு செய்தாயிற்று.

"சரி, ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்" என்றார் அவர்.

வைத்துக்கொள்ளலாம் என்றால் வழக்கை. எங்கள் வீட்டில் பெரிய செலவென்றால் ஒரு முறை உண்டு. வேண்டும் என்கிறவர் வேண்டாம் என்று வாதாட வேண்டும். வேண்டாம் என்கிறவர் வேண்டும் என்று வாதாட வேண்டும். முட்டை வேகவைக்க நேரம் பார்க்கிற மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்று இருக்கிறது, என் கவுன்டருக்குத் திரும்பி வந்து நானே வாங்கிக்கொண்டது. ஒருவர் பேசி முடித்ததும் அதைக் கவிழ்ப்போம். மணல் தீர்வதற்குள் மற்றவர் பதில் சொல்லாவிட்டால் அவர் தோற்றார். கண்டிப்பு ஒன்றே ஒன்று. அரைமனசாக வாதாடக் கூடாது.

கல்யாணமான முதல் வருஷம் ஒரு சோபாவுக்காக மூன்று நாள் சண்டை போட்டோம். அதாவது நான் போட்டேன். நாலாம் நாள் அவர், "என் பக்கத்தை நீ பேசு, உன் பக்கத்தை நான் பேசறேன். தொண்டைக்காவது ஒரு மாறுதல்" என்றார். அப்படி ஆரம்பித்தது. சோபாவுக்கு ஆசைப்பட்டவள் நான். அவர் அதன் பக்கம் நின்று உருகி உருகிப் பேசியதில் நானே எதிர்வாதத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சோபா வந்தது. அப்புறம் அவர் ஒரு பழைய காருக்கு ஆசைப்பட்டார். ஆசைப்பட்ட காரை எதிர்த்து அவரே பேசிய பேச்சில் நான் வாயடைத்துப் போனேன். கார் வரவில்லை. தன் வாயாலேயே தன் ஆசையைக் கெடுத்துக்கொண்டு, எழுந்து போய் டீ போட்டார். அப்படிப்பட்ட மனுஷன்.

நான் அப்படி இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்குள் நடக்கிற மெஷின் ஒன்றுக்கு ஆசைப்பட்டேன், ஓடுகிற பட்டையின் மேல் நடப்பார்களே, அது. அதை எதிர்த்து நான் வாதாட வேண்டிய அன்று ஒப்புக்கு இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, மணல் தீரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் வந்தது. பதினொரு நாள் நடந்தேன். இப்போது அது படுக்கையறையில் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிகளைச் சுமக்கிறது. அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆக, குச்சி வழக்கில் நான் என்ன செய்ய வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூரையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று நிமிடத்தில் அலமாரிக் கதவு வந்துவிடும். ஆனால் ஒப்புக்குப் பேசவும் நாலு விஷயம் தெரிய வேண்டுமே. நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வரும் நீலச் சாக்பீஸ் பொடி மட்டும்தான்.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. அவருக்குக் காலை ஷிப்ட் முடிந்து ஆட்டத்துக்குப் போகும் நாள். மூன்று மணிக்கு நானும் போனேன், சொல்லாமல்.

டயர் கடைக்கு மேல் மாடி. சிகரெட் புகையும் வெட்டி அரட்டையும் இருக்கும் என்று முந்தானையை மூக்கருகே தயாராகப் பிடித்தபடி படியேறினேன். உள்ளே நூலகம் மாதிரி அமைதி. நாலு பெரிய மேஜைகள், ஒவ்வொன்றின் மேலும் தாழ்வாக ஒரு விளக்கு. கயிற்றில் கண்ணாடி தொங்கும் ஒரு பெரியவர், ஹாலின் சொந்தக்காரர், ஒரு மேஜையின் பச்சைத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேஜைக்கு இஸ்திரி! என் வீட்டில் மனுஷர் துணிக்கே ஆள் இல்லை.

"என் தம்பிக்கு ஆட்டம் கத்துக்கணும். விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன். எனக்குத் தம்பியே கிடையாது.

"உக்காருங்கம்மா. அதோ கடைசி மேஜையில எக்ஸ்-ரே ஆடப் போறார். அவர் ஆட்டத்தைத் தம்பி வந்து பத்து நாள் பாத்தாலே பாதி கத்துக்கலாம்."

எக்ஸ்-ரே! இருபத்திரண்டு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு, எனக்குத் தெரியாமல் ஊரில் ஒரு பட்டப்பெயர். தூணுக்குப் பின்னால் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவர் இன்னும் ஆட ஆரம்பிக்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டுவார், குனிந்து பார்ப்பார், திரும்ப வைப்பார். கத்திரிக்காய் வாங்கும்போது இந்தக் கவனம் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

"என்ன தேடறார்?"

"பொதுக் குச்சி எல்லாம் வளைஞ்சு போச்சும்மா. இருக்கறதுல கம்மியா வளைஞ்சது எதுன்னு பாக்கறார். அப்புறம் அந்த வளைவையும் கணக்குல வெச்சுதான் அடிப்பார். நாலு வருஷமா இதே கூத்து. நேரான குச்சி ஒண்ணு அவர் கையில இருந்தா..." பெரியவர் முடிக்காமல் இஸ்திரிப் பெட்டியை நகர்த்தினார்.

பிறகு என் கணவர் ஆடினார். மேஜைமேல் குனிந்து, தாடையைக் குச்சிமேல் வைத்து, அப்படியே நின்றார். வீட்டில் உப்பு டப்பா கண்முன் இருந்தாலும் கண்டுபிடிக்கத் தெரியாத மனுஷன், ஒன்பது அடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பந்தை இன்னொரு பந்தின் காதோரமாக உரசவைத்துக் குழிக்குள் இறக்கினார். வெள்ளைப் பந்து தானாக உருண்டு, அடுத்து எங்கே வேண்டுமோ அங்கே போய் நின்றது. சொன்ன பேச்சைக் கேட்கிற பந்து. ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு. பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது, இத்தனை நாளாக இதை ஏன் எனக்குக் காட்டவில்லை என்று. மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் வேலை இருக்கிறது என்றது நான்தான். அந்தக் கோபத்தை யார்மேல் போடுவது என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் மூன்று பந்துகள் பாக்கி. அவர் ஜெயிப்பது உறுதி என்று எனக்கே புரிந்தது. எட்டாத ஒரு பந்துக்காக மேஜைமேல் நீட்டிப் படுத்தவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"ஃபவுல். சட்டைக் கை பந்துல பட்டுடுச்சு."

எதிராளி அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கண் கொட்டாமல் பார்த்திருந்த நானே பார்க்கவில்லை. அவர் ஒதுங்கி நின்றார். எதிராளிக்குப் புள்ளிகள் போயின, முறையும் போனது, ஆட்டமும் போனது. கைகுலுக்கிவிட்டு, அந்த வளைந்த குச்சியை ஈரத்துணியால் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இந்த மனுஷன் இப்படித்தாம்மா. போன வருஷப் போட்டியிலயும் இதே மாதிரி அவரே சொல்லித் தோத்தார்" என்றார் பெரியவர், தன் பிள்ளையைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிற குரலில்.

என் கணவர் திரும்புவதற்குள் நான் படியிறங்கிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்குக் குச்சி நினைப்பு வரவில்லை. இஸ்திரித் துணியைச் சுமந்து நிற்கும் அந்த மெஷின்தான் கண்ணுக்குள் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, நடுவில் மணல் கடிகாரத்தை வைத்தோம். முதல் பேச்சு அவருடையது.

"ஒரு குச்சிக்கு ஒரு மாசச் சம்பளமா? துணி காயப்போடற குச்சி என்ன பாவம் பண்ணுச்சு?" அச்சு அசல் என் குரல். கடிகாரத்தைக் கவிழ்த்தார்.

"என் கட்சிக்காரர் நாலு வருஷமா கோணல் குச்சியில ஆடறார். ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம் உருட்டிப் பாத்து, இருக்கறதுல நல்லதைத் தேடி, அதோட வளைவையும் சேத்துக் கணக்குப் போட்டு அடிக்கறார். கோணல் குச்சியிலயே ஏழு பந்து விழுதுன்னா நேர் குச்சியில எத்தனை விழும்?"

அவர் புருவம் ஏறியது. "இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"சாட்சி பேரைக் கேக்கக் கூடாது. மேல பேசுங்க."

"அந்த ஆளுக்கு வயசு நாப்பத்தொன்பது. கண்ணாடி ரெண்டு தடவை மாத்தியாச்சு. இன்னும் எத்தனை வருஷம் ஆடிடுவான்?"

"அதனாலதான் இப்பவே வாங்கணும்கறேன். எழுபது வயசுல வாங்கிக் கொடுத்தா ஊன்றுகோலாத்தான் ஆகும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு அலமாரிக் கதவை எடுத்தார். ரப்பர் பேண்டு, கீல், தினமும் அது என் தலையில் இடிக்கப் பார்ப்பது, ஒன்றையும் விடவில்லை. ரப்பர் பேண்டு இரண்டாகப் போட்டால் இன்னொரு வருஷம் தாங்கும் என்று நான் சொன்னதைக் கேட்டு எனக்கே ஆச்சரியம்.

 அடுத்துப் பேசியபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"அந்த ஆளுக்கு வாரத்துல ரெண்டு நாள் போக ஒரு இடம் இருக்கு. போனா நாலு பேர் மதிக்கறாங்க. அவன் பொண்டாட்டி நாள் பூரா கவுன்டர்ல நின்னு ஊரார் எரிச்சலை வாங்கிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்படியில நிக்கறா. அவளுக்குன்னு ஒரு இடம் எங்கன்னு இந்த வீட்டுல யாராவது கேட்டிருக்கோமா? இருக்கறவனுக்கே இன்னும் குடுக்கறது என்ன நியாயம்?"

கடிகாரத்தைக் கவிழ்த்தார்.

 அவர் ஆசைப்பட்ட பொருளுக்கு எதிராக இதைவிடக் கூர்மையாக யாரும் பேசியிருக்க முடியாது. பேசிவிட்டு மணலையும் என்னையும் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பாதி மணல் இறங்கியது. முக்கால் இறங்கியது. கூரையைப் பார்க்கக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும், அலமாரிக் கதவு எனக்கு. அந்த நிறம்கூட ஞாபகம் வந்தது.

"ஃபவுல்" என்றேன்.

"என்ன?"

"என் மேல. அந்த நடக்கற மெஷின் வழக்குல நான் வாதாடவே இல்ல. வேணும்னே தோத்தேன். நடக்கறதுல எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல. எனக்குன்னு வீட்டுல ஏதோ ஒண்ணு வேணும்னு இருந்துச்சு, அது என்னன்னு தெரியாம அதை வாங்கிட்டேன். இந்த வீட்டுல வீணாப் போன பொருள் அது ஒண்ணுதான். ஏமாத்தி வாங்கினதும் அது ஒண்ணுதான். என் கட்சிக்காரர், யாரும் பாக்காதப்பவும் தனக்கே ஃபவுல் சொல்ற ஆள். அவர் கைக்கு வர்ற பொருள் வீணாப் போகாது. பதினாறு வருஷமா திரும்பி வர்ற பொருளைப் பாக்கறவ சொல்றேன். இது திரும்பி வராது."

கடைசி மணல் விழும் முன் சொல்லி முடித்துக் கடிகாரத்தை நானே கவிழ்த்தேன்.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். ஒப்புக்கு அல்ல. தோற்கவே கூடாது என்று உண்மையாகவே பதில் தேடினார், அந்த முகம் எனக்குத் தெரியும். மூன்று நிமிடமும் தேடினார். மணல் தீர்ந்தது.

"தோத்துட்டேன்" என்றார். பிறகு, "மெஷின் விஷயம் எனக்கு அன்னிக்கே தெரியும். நீ கூரையையே பாத்துட்டு இருந்தே."

"தெரிஞ்சா அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஃபவுல் பண்ணவங்கதான் சொல்லணும். அதுதான் ஆட்டத்துல மரியாதை."

ஆறு வருஷம் அந்த மரியாதையை எனக்காக அப்படியே வைத்திருந்திருக்கிறார். அதற்கு மேல் எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

மறுவாரம் குச்சி செய்கிறவரின் பட்டறைக்கு இருவரும் போனோம். என் கணவரின் தோளையும் கையையும் அளந்து எழுதிக்கொண்டார்கள். மரத்தூள் படிந்த சுவரில் ஒரு பலகை தொங்கியது: 'அளவெடுத்துச் செய்த பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது.' வேறு எந்தக் கடையாக இருந்தாலும் இதற்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியிருப்பேன். பட்டறைக்காரரும் என் முகத்தைப் பார்த்துத் தயாராகத்தான் நின்றார். நான் முன்பணத்தை எடுத்து வைத்தேன்.

வெளியே வந்ததும் அவர், "என் கடைசிக் கேள்விக்கு நீ பதில் சொல்லவே இல்லையே" என்றார். "உன் இடம் எது?"

"எனக்கே இன்னும் தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன். ஆனா ஜாக்கிரதை. அந்த வழக்குல வேண்டாம்னு வாதாடப் போறது நான். இந்தத் தடவை முழு மூச்சா வாதாடுவேன்."

"வாதாடு" என்றார். "ஜெயிக்காம விடமாட்டேன்."