செக்கிங்காரன் சொன்ன முதலைக் கதை

மணியனுக்கு நான் தர வேண்டியது பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். என் மனைவி ஒச்சம்மாளுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது வாங்கியது. அவர்தான் எங்கள் காண்ட்ராக்டர். வாராவாரம் கூலியில் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. அந்த ஐப்பசியில் அமெரிக்காக்காரன் ஆர்டரை நிறுத்தினான். வேலம்பாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனியைப் பூட்டினார்கள். கூலியே இல்லை, அப்புறம் எங்கே பிடிப்பது?

மார்கழி பிறந்ததும் மணியன் வந்தார். லைன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே பேசினார். "நானும் ஒருத்தருகிட்ட வாங்கித்தானுங்க குடுத்தேன். தை கடைசிக்குள்ள பாருங்க. முடியலீன்னா புள்ளய மில்லுக்கு அனுப்புங்க. மூணு வருசம் உள்ளயே தங்கி வேலை. முன்பணம் பன்னெண்டாயிரம் நானே வாங்கித் தர்றேன்." உள்ளே மகள் நதியா பத்தாம் வகுப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பென்சில் சத்தம் நின்றது.

அந்த வாரம்தான் அவிநாசியில் கோவில் வழிகாட்டிப் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். முப்பது நாள். வெளியூர்க் கூட்டம், காலேஜ் பிள்ளைகள், கம்பெனி விருந்தாளிகள் இவர்களைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். தேறினால் அட்டை, கூட்டத்துக்கு இருநூறு ரூபாய். தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும் என்று போட்டிருந்தது. முப்பத்தாறு வயதில் ராத்திரிப் பள்ளியில் எழுத்துக் கூட்டியவன் நான். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். மணியனும் இறங்கி வந்தார். "அட்டையக் கொண்டாந்து காட்டுங்க. மாசாமாசம் வாங்கிக்கறேன், புள்ள படிக்கட்டும்."

சொல்லிக்கொடுத்தது அன்புச்செல்வி டீச்சர். என்னைவிடப் பத்து வயது சிறியவர். "அளவு, வருசம் எல்லாம் போர்டுலயே இருக்குதுங்க. நீங்க கல்லைப் பார்த்துப் பேசாதீங்க, முன்னால நிக்கறவங்களைப் பார்த்துப் பேசுங்க. அவுங்க எதை எடுத்துட்டு ஊட்டுக்குப் போகோணும்னு யோசிங்க" என்பார்.

எனக்கு அதுதான் வரவில்லை. பதினாலு வருடம் செக்கிங் டேபிளில் நின்ற கண். டியூப் லைட் அடியில் பனியனை விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் தேடி அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. நல்ல பீசில் பார்க்க என்ன இருக்கிறது, தள்ளிவிடுவோம். முதல் நாள் ஒரு தூண் சிலையைக் காட்டச் சொன்னார். "இந்தா, மூக்கு மழுங்கியிருக்கு. விரல்ல ஒண்ணு கொறையுது" என்றேன். கூடப் படித்த மாரப்பன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "பார்த்துங்க, சாமிக்கே ஸ்டிக்கர் ஒட்டி ரிட்டன் அனுப்பிருவாரு."

அதை நான் வீட்டில் சொல்லக் கேட்டு நதியா ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பெனியிலிருந்து என் பையோடு வந்த ஸ்டிக்கர் ரோலை எடுத்துக்கொண்டு சுற்றுலாப் பயணி மாதிரி எதிரே உட்காருவாள். நான் குறை சொன்னால் என் சட்டையில் ஒரு அம்புக்குறி. "ஒடஞ்சதையே காட்டுறீங்கப்பா. இந்த ஊருக்கு ஒடஞ்சதைப் பார்க்கவா பஸ் ஏறி வந்தேன்?" முதல் நாள் பதினேழு ஒட்டினாள். மாதக் கடைசியில் ஒன்றுமில்லை. சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒச்சம்மாள்கூடச் சிரித்தாள்.

பரீட்சை அன்று பத்துப் பேரைப் பயணிகளாக நிறுத்தியிருந்தார்கள். கோபுரம், தூண் எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். கடைசியாக முதலைச் சிற்பம். குளத்தில் குளிக்கப் போன பிள்ளையை முதலை விழுங்கிவிட்டது. வருடங்கள் கழித்து அந்தத் தெரு வழியே நாயனார் வருகிறார். ஒரு வீட்டில் கூட விளையாடிய பையனுக்குப் பூணூல் கல்யாணம், மேளம். எதிர் வீட்டில் அழுகை. அவர் பாடினார், வற்றின குளத்தில் தண்ணீர் வந்தது, முதலை வந்தது, பிள்ளையைக் கரையில் விட்டது. விழுங்கிய வயதில் இல்லை, அத்தனை வருடமும் வளர்ந்த பிள்ளையாக. முன்னால் நின்ற ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். டீச்சர் சொன்ன மாதிரி நிற்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் கண் அதன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"உடம்பு வளர்ந்து வந்துச்சு, சரி. உள்ள இருந்த வருசத்துல அது படிச்சிருக்குமே, விளையாடியிருக்குமே. அதை யார் குடுத்தா? முதலை அதைத் துப்பலையே."

கன்னத்தில் போட்டுக்கொண்ட அம்மா கையை இறக்கினார். மார்க் போட வந்தவர் பேனாவை மூடினார். "வர்றவங்க மனசு நெறஞ்சு போகோணுங்க. நீங்க கதையிலயே ஓட்டை காட்டறீங்க."

பட்டியலில் என் பேர் இல்லை. டீச்சர் வெளியே வந்தார். "அது வரைக்கும் நல்லாத்தானுங்ண்ணா சொன்னீங்க. அதை எதுக்குங்க அங்க கேட்டீங்க?"

"கண்ணுல பட்டுருச்சு டீச்சர்."

"அடுத்த பேட்ச் ஆடியிலதானுங்க" என்றார். அதற்கு மேல் அவராலும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தை கடைசி ஞாயிறு மில் வேன் வந்தது. மணியன் மில்லுக்கான ஃபாரத்தை நீட்டினார். தகப்பனார் கையெழுத்து என்ற இடத்தை நானே படித்தேன், நானே போட்டேன். பொன்னுச்சாமி. ஒற்று விடாமல் எழுதினேன்.

நதியா பையைத் தோளில் மாட்டினாள். "எந்த எடத்துலப்பா விட்டீங்க?"

"முதலைகிட்ட."

பாவாடைப் பையிலிருந்து ரோலை எடுத்து ஒரு அம்புக்குறி கிழித்து என் சட்டையில் ஒட்டினாள். "என் கணக்கு நோட்டை யாருக்கும் குடுத்துறாதீங்க" என்றாள். வேன் கதவைப் பக்கவாட்டில் இழுத்து மூடினார்கள். ஒச்சம்மாள் கூடவே நாலு எட்டு ஓடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மணியன் முன்பணத்தில் மீதி முந்நூற்று அறுபதை எண்ணிக் கொடுத்து, நான் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருந்த பத்திரத்தையும் கையில் வைத்தார். "கணக்கு தீர்ந்ததுங்க. பார்த்துக்கங்க."

பத்திரத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். முன்பக்கம் பார்த்தேன். திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.