பின்சுவர் இரும்புப் படி

“இந்த வீட்டுக்கு எத்தனை படிக்கட்டு, தங்கச்சி?” என்று போன வாரம் ஷிரின் கேட்டாள்.

“ஒண்ணுதான் அக்கா” என்றாள் சத்யபாமா.

ஷிரின் சிரித்துவிட்டாள். பழைய கட்டடங்களை அளந்து பதிய, ரங்கூனின் கியாக்டடா வட்டார அலுவலகத்திலிருந்து வந்தவள் அவள். “நடுக்கூடத்துல பெரிய தேக்குப் படிக்கட்டு இருக்கே! பழைய வரைபடத்துல பாத்தேன்.”

சத்யபாமா பார்த்ததில்லை. அவளுடைய பூட்டன் இங்கே மலவாளி சுமந்தவர். அந்த ஆட்கள் வீட்டுக்குள் கால் வைக்காமல் மாடிக் குளியலறைக்கு ஏறவென்றே பின்சுவரில் சுருண்டு ஏறும் இரும்புப் படி வைத்திருந்தான் வீட்டைக் கட்டிய வெள்ளைக்காரத் தேக்கு வியாபாரி. வாளி ஒழிந்து எத்தனையோ காலமாயிற்று. காவலிருக்கும் அப்பா இராமையாவும் அவளும் இன்னும் அதில்தான் ஏறுகிறார்கள். குளியலறையைக் கூட்டிவிட்டு அவள் இறங்கிவிட வேண்டும். உள்கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே பாம்பு அடைகிறது என்பார் அப்பா.

சீமையில் தன் பாட்டனுக்கு இருந்த பண்ணை மாளிகையைப் போலவே கட்டினானாம் அவன். செங்கல் சுவர், செங்குத்துக் கூரை, அறைக்கு அறை கணப்பு அடுப்பு. ரங்கூன் வெக்கையில் அவற்றில் ஒரு நாளும் தீ எரிந்ததில்லை.

“உள்வேலைப்பாடு முழுசா இருந்தா பாதுகாப்புப் பட்டியல்ல சேர்த்துடலாம். அப்புறம் யாரும் இடிக்க முடியாது. நீங்களும் பின்கட்டுலயே இருக்கலாம்” என்று சொல்லிப் போயிருந்தாள் ஷிரின். அந்தப் பின்கட்டை விட்டால் அப்பாவுக்கும் மகளுக்கும் போக்கிடம் கிடையாது.

இன்று ஷிரின் மழையில் நனைந்தபடி வந்தாள். முன்கதவுச் சாவி உரிமையாளரிடம் இருந்ததால் மூவரும் இரும்புப் படியில் ஏறினார்கள்.

“உள்ள பாம்புங்க அம்மா” என்று உள்கதவை மறித்தார் இராமையா.

“நான் போட்டாதாங் துறைமுகக் கிட்டங்கிகளுக்கு நடுவுல வளர்ந்தவ ஐயா. பாம்புதான் என்னைப் பாத்து ஓடணும்.”

தாழ்ப்பாளை ஷிரினே இழுத்தாள். அறையைக் கடந்து மாடி விளிம்பில் நின்றார்கள். கீழே வெறும் கூடம். படிகள் இருந்த இடத்தில் சுவரோடு சரிந்து இறங்கியது ஒரு கறை. அடியில் ரம்பம் படாத நாலைந்து கைப்பிடிக் கம்புகள் மட்டும் மிச்சம்.

உருண்டை உருண்டையாகக் கடைந்த அந்தக் கம்புகளைச் சத்யபாமாவுக்கு நன்றாகத் தெரியும். கரண்டும் கரியும் இல்லாத மாதங்களில் அப்பா நறுக்கிக் கொண்டுவந்து போட்ட விறகு. வாசமாக எரியும். சோறு சீக்கிரம் வெந்துவிடும்.

“மேசைக் கால்னு சொன்னீங்களே அப்பா?”

“யாரும் ஏறாத படிதானே, பாப்பா.” அவர் தலை நிமிரவில்லை.

“அக்கா, நான்தான் எரிச்சேன். என்னன்னு தெரியாம...”

ஷிரின் கையிலிருந்த படிவத்தில், படிக்கட்டு என்ற இடத்துக்கு எதிரே இருந்த ‘இரண்டு’ என்பதை அடித்துவிட்டு ‘ஒன்று’ என்று எழுதினாள். பேனாவை மூடினாள். குளியலறை வழியாகத் திரும்பி நடந்தாள். அவள் செருப்புச் சத்தம் இரும்புப் படியில் சுற்றிச் சுற்றி இறங்கி, மழைக்குள் போயிற்று.